ஜே வில்லியம்ஸை வீணான டிராஃப்ட் பட்டியலில் சேர்ப்பது நியாயமா?

ஆகஸ்ட் 3, மாலை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மோசமான டிராஃப்ட் (அணிகள் முறை வைத்துப் புதியவர்களை எடுப்பது) தேர்வுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஜே வில்லியம்ஸ் பெயர் வந்துவிடுகிறது. 2002, இரண்டாவது இடம், சிகாகோ புல்ஸ், ஒரே சீசன், அதோடு சரி. பக்கத்திலேயே ஆட்டம் வராமல் ஒதுக்கப்பட்டவர்களின் பெயர்கள். எனக்கு இது ரொம்ப காலமாக உறுத்துகிறது. ஆட்டத்தில் தோற்றவரையும் 21 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப்போனவரையும் எப்படி ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டுக்காரர். 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி. இரண்டாம் ஆண்டில், அதாவது 2001இல், டியூக் அரிசோனாவை 82-72 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியது. மூன்றாம் ஆண்டு முடிவில் நெய்ஸ்மித், வுடன் என்று கல்லூரிக் கூடைப்பந்தின் இரண்டு பெரிய விருதுகளும் அவருக்கே. நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்து சமூகவியல் பட்டத்தோடு வெளியே வந்தார். 2002 டிராஃப்டில் அவருக்கு முன்னால் போனது யாவ் மிங் ஒருவர்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. விபத்து மட்டும் நடக்காமல் இருந்தால் ஹால் ஆஃப் ஃபேம்தான் (கூடைப்பந்தின் உச்ச மரியாதை) என்று அடித்துச் சொல்பவர்கள். அதையும் நான் ஏற்கவில்லை. நடக்காததை வைத்து ஒருவரை உயர்த்துவதும், நடந்த விபத்தை வைத்து அவரை இறக்குவதும் ஒரே வகைத் தவறு. இரண்டிலுமே அவர் உண்மையில் ஆடிய ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கல்லூரியில் மூன்று ஆண்டு, சிகாகோவில் 75 ஆட்டம். அதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

ஆகஸ்ட் 3, இரவு

ஆட்டத்தைப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு வெறும் விருதுகளாக அடுக்கிவிட்டேன். ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம் என்றால் 2001 ஜனவரி 27, மேரிலாந்து அணியின் சொந்த அரங்கான கோல் ஃபீல்ட் ஹவுஸில் நடந்ததைப் பாருங்கள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, டியூக் 10 புள்ளி பின்னால். அரங்கம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. வில்லியம்ஸ் வேகமாக உள்ளே புகுந்து ஒரு லே-அப் (கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுவது) போடுகிறார். மேரிலாந்து பந்தை உள்ளே எறியும்போதே அதைப் பறித்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒன்று. மேரிலாந்து ஃப்ரீ த்ரோக்களை (ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் கிடைக்கும் எறிகள்) தவறவிடுகிறது, உடனே இன்னொரு மூன்று. சுமார் 14 விநாடியில் 8 புள்ளி. பிறகு டியூக்கின் நேட் ஜேம்ஸ் ஃப்ரீ த்ரோ போட்டுச் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் டியூக் 98-96 என்று ஜெயித்தது.

எல்லோரும் அந்த 14 விநாடியை மட்டும் வெட்டிப் பகிர்கிறார்கள். அதற்கு முந்தைய 39 நிமிடத்தைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். அன்று அவர் ஆட்டம் சரியே இல்லை, பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார். நானும் கல்லூரியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து அணியை நடத்துபவனாக, ஆடியவன். அப்படி ஒரு நாளில் பந்து கைக்கு வரும்போது எவ்வளவு கனக்கும் என்று தெரியும். பாதுகாப்பாக ஒரு பாஸ் கொடுத்துவிட்டு ஒதுங்கத்தான் மனசு சொல்லும். அந்த நிலையிலிருந்து கடைசி நிமிடத்தில் பந்தைத் தன்னிடமே கேட்டு வாங்குகிற துணிச்சல் பயிற்சியில் வருவதா பிறவியிலேயே இருப்பதா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 4

மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று வில்லியம்ஸை அப்படிக் கட்டிப்போட்டிருந்தவர் மேரிலாந்தின் ஸ்டீவ் பிளேக். அந்தக் கடைசி நிமிடம் தொடங்கும்போது பிளேக் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொன்னால் அரைக் கதைதான்.

அதே பிளேக் 2003 டிராஃப்டில் 38ஆவது ஆளாக, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டார். பிறகு 13 சீசன் என்.பி.ஏ.வில் ஆடினார்.

ஆகஸ்ட் 4, மதியம்

இவர்தான் கிங்ஸ் அணியின் ஜேசன் வில்லியம்ஸா என்று கேட்டவருக்கு: இல்லை, சேக்ரமென்டோ கிங்ஸில் முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுத்து எல்லோரையும் மயக்கிய ஜேசன் வில்லியம்ஸ் வேறு ஆள். நியூ ஜெர்சி நெட்ஸின் உயரமான ஜேசன் வில்லியம்ஸ் இன்னொருவர். நம்மவரும் டியூக்கில் ஜேசன் வில்லியம்ஸ்தான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் என்.பி.ஏ.வுக்குப் போனதும் ஜே என்று சுருக்கிக்கொண்டார். தேடும்போது டியூக் என்று சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் கிங்ஸ்காரரின் வீடியோக்கள்தான் கொட்டும். அவையும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் அது தனி இழைக்கான விஷயம்.

ஆகஸ்ட் 5

"அவர் உண்மையான பாயிண்ட் கார்டே இல்லை, புள்ளி போடுகிற கார்ட்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாதி சரி. இதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 14.5 புள்ளி, 6.5 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி போட வழிசெய்த பாஸ்). பதினெட்டு வயதில் டியூக் மாதிரி ஓர் அணியை நடத்திய பையனின் கணக்கு இது, அச்சு அசல் பாயிண்ட் கார்டுக்கு உரியது. இரண்டாம் ஆண்டில் புள்ளி 21.6க்குத் தாவுகிறது, அசிஸ்ட் 6.1. மூன்றாம் ஆண்டில் 21.3, 5.3. புள்ளி ஏற ஏற அசிஸ்ட் மெல்ல இறங்குகிறது என்பது உண்மை.

ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி கடைசியில் கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆளான, அதாவது சென்டரான, கார்லோஸ் பூஸருக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. உள்ளே ஆட ஆள் இல்லை. ஷஷெவ்ஸ்கி அணியையே மாற்றி அடுக்கினார். புதிதாக வந்த கிறிஸ் டுஹானைத் தொடக்க ஐவரில் போட்டு, பந்தை மேலே கொண்டுவரும் வேலையில் பாதியை அவரிடம் கொடுத்து, வில்லியம்ஸை ஓடவிட்டார். சென்டர் இல்லாத குறையை வேகத்தாலும் மூன்று புள்ளிகளாலும் ஈடு கட்டிய அணி அது. அதன்பின் டியூக் அந்த சீசனில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இடையில் அரையிறுதியில் அதே மேரிலாந்திடம் 22 புள்ளி பின்தங்கி, மீண்டு, 95-84 என்று ஜெயித்ததும் உண்டு. ஆகவே அவர் பாயிண்ட் கார்ட் வேலையிலிருந்து நழுவிவிட்டார் என்று சொல்வதைவிட, அணிக்கு எது தேவையோ அந்த வேலைக்கு மாறினார் என்பதே சரி. அணியை நடத்துவது என்றால் அதுவும்தான்.

அந்த ஆண்டு அவர் போட்ட 841 புள்ளி டியூக்கின் ஒரு சீசன் சாதனையாக இருந்தது. டிக் குரோட் 1950களின் தொடக்கத்தில் வைத்த எண்ணிக்கையை அரை நூற்றாண்டு யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 6

இப்போது சிகாகோ. நான் அதிகம் யோசித்தது இதைத்தான்.

75 ஆட்டம், 9.5 புள்ளி, 4.7 அசிஸ்ட். எறிந்த பந்தில் நூற்றுக்கு நாற்பதுதான் உள்ளே போனது. ஃப்ரீ த்ரோ 64 சதவீதம், ஒரு கார்டுக்கு அது மிகக் குறைவு. இந்த எண்களை மட்டும் வைத்தால் இரண்டாவது தேர்வுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவரை எந்த ஆட்ட முறைக்குள் போட்டார்கள் என்று பாருங்கள். அப்போது புல்ஸ் பயிற்சியாளர் பில் கார்ட்ரைட். ஜோர்டானோடு முதல் மூன்று பட்டம் வென்ற சென்டர். ஜோர்டான் கால முக்கோணத் தாக்குதல் முறையையே அவரும் வைத்திருந்தார். அந்த முறையில் பாயிண்ட் கார்ட் பந்தை மேலே கொண்டுவந்து, விங்கில் (பக்கவாட்டில்) நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு, மூலைக்கு வெட்டி ஓட வேண்டும். மூலை, விங், போஸ்ட் (கூடைக்கு அருகில்) மூன்றும் சேர்ந்து முக்கோணம். பந்து அவரிடம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அங்கே நின்று சரியாகச் சுடுகிற ஸ்டீவ் கெர் மாதிரி ஆளுக்கு அது சொர்க்கம்.

வில்லியம்ஸின் பலமே வேறு. முதல் அடியிலேயே எதிராளியைத் தாண்டுவது, பிக் அண்ட் ரோலில் (சக ஆட்டக்காரர் தடுப்பாக நிற்க, அவரைச் சுற்றிப் பந்தோடு போகும் உத்தி) பெரிய ஆளைத் திணறடிப்பது, பந்து கையில் இருக்கும்போதே முடிவெடுப்பது. அவரை மூலையில் நிறுத்திவிட்டார்கள். போதாக்குறைக்கு ஜமால் கிராஃபோர்டும் அதே இடத்துக்குப் போட்டி. இன்று யார் தொடங்குவது, நாளை யார் முடிப்பது என்று தெரியாத நிலை. நடத்துகிறவனுக்கு நேரம் உறுதி இல்லாவிட்டால் ஐந்து பேரின் ஆட்டமும் ஆடிப்போகும். நான் ஆடிய அணியிலேயே இதை நேரில் பார்த்திருக்கிறேன்: இரண்டு பாயிண்ட் கார்ட் போட்டியிட்ட வருடம், ஃபார்வர்டுகள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

அவரிடம் என்ன இருந்தது என்று காட்டியது 2002 நவம்பரில் நெட்ஸோடு நடந்த ஆட்டம். அந்த ஜூனில் இறுதிப்போட்டி வரை போன அணி அது, எதிரே ஜேசன் கிட். வில்லியம்ஸ் 26 புள்ளி, 14 ரீபவுண்ட் (தவறிய எறியில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 13 அசிஸ்ட். என்.பி.ஏ.வுக்கு வந்த முதல் மாதத்திலேயே, ட்ரிபிள்-டபுளுக்கே (இப்படி மூன்று கணக்கிலும் பத்தோ அதற்கு மேலோ) பேர்போன ஆளுக்கு முன்னால் ட்ரிபிள்-டபுள். புல்ஸ் ஜெயித்தது. சீசன் முடிவில் சிறந்த புதியவர்களின் இரண்டாவது அணியில் அவருக்கு இடமும் கிடைத்தது. முந்தைய ஆண்டு 21 வெற்றியோடு முடித்த புல்ஸ் இந்த ஆண்டு 30.

ஆகஸ்ட் 6, இரவு

படித்துப் பார்த்ததில், முக்கோணத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிட்டதுபோல் தோன்றுகிறது. ஃப்ரீ த்ரோ கோட்டில் முக்கோணம் ஏது? அந்தக் குறை கல்லூரியிலிருந்தே கூட வந்தது. சுடும் முறையில் சீரில்லை. 2003 கோடை முழுக்க அதில்தான் வேலை இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

"ஹெல்மெட் போடாதவருக்கு என்ன அனுதாபம்" என்று கேட்டவருக்குப் பதில்.

2003 ஜூன் 19. சிகாகோவின் வடக்குப் பக்கத்தில், ஃபிளெச்சர் தெருவும் ஹோனோரே தெருவும் சந்திக்கும் இடத்தில், யமஹா ஆர்6 வண்டி தெருவிளக்குக் கம்பத்தில் மோதியது. ஹெல்மெட் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமமும் இல்லை. அணியோடு போட்ட ஒப்பந்தப்படி அவர் வண்டியைத் தொட்டிருக்கவே கூடாது. இதில் எதையும் நான் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. பின்னாளில் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசினார், 2016இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் எழுதினார். ஒரு விஷயம் மட்டும்: ஹெல்மெட் சட்டத்தை அவர் மீறவில்லை, ஏனென்றால் இல்லினாயில் அப்படி ஒரு சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மேலும் அவர் ஆட்ட வாழ்க்கையை முடித்தது தலையில் பட்ட அடி இல்லை. இடுப்பெலும்பு முறிவு, முழங்கால் தசைநார்கள் அறுந்தது, காலின் முக்கிய நரம்பு துண்டானது, இவைதான். ஹெல்மெட் போட்டிருந்தாலும் கால் தப்பியிருக்காது. ஹெல்மெட் போட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, ஆனால் இந்தக் கதையிலிருந்து அந்தப் பாடத்தை மட்டும் எடுக்கிறவர்கள் கதையைப் படிக்கவில்லை என்பேன்.

டிராஃப்ட் அடுத்த வாரமே இருந்தது. புல்ஸ் ஏழாவது இடத்தில் கிர்க் ஹின்ரிக் என்ற பாயிண்ட் கார்டை எடுத்தது. 2004 பிப்ரவரியில் வில்லியம்ஸை விடுவித்தது. ஒப்பந்தம் மீறப்பட்டதால் ஒரு காசும் தராமல் கைகழுவியிருக்கலாம். ஆனால் சிகிச்சைக்கு உதவும் என்று 30 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அதை அவர்களுக்கு வரவில் வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, பின்னிரவு

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கும் முழங்காலின் முக்கியத் தசைநாரான ஏ.சி.எல். அறுந்தது. மாவட்டப் போட்டி ஒன்றில், சிமெண்ட் தரையில், யாரும் தொடாமலே, திரும்பும்போது. அறுவை செய்து, பிசியோதெரபி முடித்து, வலி போய், மருத்துவர் ஓடலாம் என்று சொன்ன பிறகும் அந்தக் காலை நம்பி வெட்டித் திரும்ப ரொம்ப காலம் ஆனது. எனக்கு அறுந்தது ஒரே ஒரு தசைநார்.

நரம்பு வேறு கணக்கு. தசைநாரைத் தொடையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டலாம். நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், வளர்ந்தாலும் பழைய வேகத்தில் தசைக்குச் செய்தி போகும் என்று நிச்சயம் கிடையாது. ஒரு பாயிண்ட் கார்டின் பிழைப்பே அந்த முதல் அடியில்தான் இருக்கிறது. அதற்கான உத்தரவு தாமதமாகப் போனால் மற்ற எல்லாத் திறமையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வலி மாத்திரைக்கு அடிமையானதையும், வாழவே வேண்டாம் என்று நினைத்த நாட்களையும் அவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆகஸ்ட் 10

பாபி ஹர்லி பற்றி யாரும் சொல்லாதது ஆச்சரியம். அவரும் டியூக், அவரும் நியூ ஜெர்சி, அவரும் பாயிண்ட் கார்ட். 1991, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம். கல்லூரியில் 1,076 அசிஸ்ட். 1993 டிராஃப்டில் சேக்ரமென்டோ ஏழாவதாக எடுத்தது. அந்த டிசம்பர் 12 அன்று ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வேறொரு கார் மோதியது. சீட் பெல்ட் போடவில்லை, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மூச்சுக்குழலே பிய்ந்தும் பிழைத்தார். அடுத்த சீசனிலேயே திரும்பி வந்து 1998 வரை ஆடினார், ஆனால் டியூக்கில் பார்த்த ஹர்லி திரும்பவில்லை. பிறகு பயிற்சியாளரானார், முதலில் பஃபலோ, அப்புறம் அரிசோனா ஸ்டேட்.

ஹர்லியை யாரும் 'வீணான தேர்வு' என்று பெரிதாகத் திட்டுவதில்லை, கவனித்தீர்களா? மோதியது அடுத்தவர் கார் என்பதால். வில்லியம்ஸ் தானே ஓட்டிப்போய் மோதினார் என்பதால் அவருடைய ஆட்டமும் சேர்த்துக் குறைக்கப்படுகிறது. தவறு சாலையில் நடந்தது. அதற்காக மைதானத்துக் கணக்கை ஏன் அழிக்க வேண்டும்?

ஆகஸ்ட் 13

இந்தியானா ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், அதையும் பேசியாக வேண்டும், நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. 2002 மார்ச், லெக்சிங்டன், தேசியப் பட்டத்துக்கான போட்டித்தொடரில் இந்தியானாவோடு. டியூக் முதல் பாதியில் 17 புள்ளி முன்னால் இருந்து கோட்டைவிட்டது. 4.2 விநாடி இருக்கும்போது நான்கு புள்ளி பின்னால். வில்லியம்ஸ் ஃபவுலையும் வாங்கிக்கொண்டு ஒரு மூன்று புள்ளியைப் போட்டார். ஒரு ஃப்ரீ த்ரோ போட்டால் சமன். தவறியது. பூஸர் ரீபவுண்ட் எடுத்து எறிந்ததும் உள்ளே போகவில்லை. இந்தியானா 74-73 என்று ஜெயித்தது. கல்லூரியில் அவருடைய கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது.

அந்த ஒரே தருணத்தில் அவருடைய முழு ஆட்டமும் இருக்கிறது: ஃபவுலோடு அந்த மூன்று புள்ளியைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு, அதன் பிறகு வரும் ஃப்ரீ த்ரோவை நல்ல கார்டுகள் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.

ஆகஸ்ட் 14

சிறு தகவல். டியூக்கில் ஒருவரின் சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுக்க (அதை வேறு யாருக்கும் தராமல் மரியாதை செய்ய) அவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சீக்கிரம் கிளம்பிப்போன எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களின் சட்டை அங்கே தொங்காததற்கு அதுதான் காரணம். மூன்று ஆண்டில் படிப்பை முடித்தார் என்று முதலில் எழுதினேனே, 2003இல் அவருடைய 22ஆம் எண் டியூக்கின் கேமரன் அரங்கின் கூரைக்குப் போனதற்கு அந்தப் படிப்பும் காரணம். விபத்துக்குச் சில மாதம் முன்னால்.

ஆகஸ்ட் 19

திரும்பி வர முயற்சி செய்யவில்லையா என்ற கேள்விக்கு: செய்தார். மூன்று ஆண்டுக்கு மேல் காலோடு போராடி, 2006 செப்டம்பரில் நெட்ஸோடு சம்பள உறுதியில்லாத ஒப்பந்தம் போட்டார். சீசன் தொடங்குவதற்கு முன்பே விடுவித்துவிட்டார்கள். பிறகு என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்கான டி-லீக்கில் ஆஸ்டின் டோரோஸுக்குச் சில ஆட்டங்கள், மறுபடி காயம், அவ்வளவுதான். அதன்பின் விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈ.எஸ்.பி.என்.னில் ஆட்டங்களை அலசுபவராக வேலை.

ஆல்-ஸ்டார் (ஆண்டின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வாவது) ஆகியிருப்பாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதே டிராஃப்டில் 35ஆவதாகப் போன பூஸர் இரண்டு முறை ஆனார். மூன்றாவதாகப் போன மைக் டன்லெவி, அவரும் டியூக் தோழர்தான், ஆகவில்லை, ஆனால் 15 சீசன் உழைத்தார். வில்லியம்ஸ் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது டியூக்கின் மூன்று ஆண்டும் சிகாகோவின் 75 ஆட்டமும். இவற்றைப் பார்த்த யாரும் அவரை ஆட்டம் வராதவர்கள் பட்டியலில் வைக்க மாட்டார்கள்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் வரிசை: முதலில் மேரிலாந்து, 2001 ஜனவரி, முழு ஆட்டம். அடுத்து அந்த ஆண்டின் அரையிறுதி. அப்புறம் இந்தியானா. கடைசியாக நெட்ஸோடு ஆடியது. அந்த நெட்ஸ் ஆட்டம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது, ஜேசன் கிட்டை எதிர்த்து அவர் ஆடிய நான்காவது குவார்ட்டரை முழுதாகப் பார்க்க ஆசை. யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள்.